அம்முகூடாவிலிருந்து ஜகார்த்தா வரை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் திருக்கோயில்களைப் பற்றியும், புலவர் பெருமக்களைப் பற்றியும், நாட்டுக்கு உழைத்த தலைவர்களைப் பற்றியும் அன்பர்கள் எழுதி வருவதை நாம் ஆவலுடன் படித்து வருகிறோம். அவ்வரிசையில் விளையாட்டு வீரருக்கும் ஓர் ஆசனம் இட வேண்டும் என்பது நம் நெடுநாளைய விருப்பம். பந்து விளையாட்டில் சரித்திரம் என்ன இருக்கிறது என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். 1962ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4ஆம் தேதி, இந்தோனேசியத் தலைநகராகிய ஜகார்த்தாவில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் நம் தேசத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த அரங்கத்தில், பாரதத்தின் கால்பந்துக் குழுவினர் ஆசிய விளையாட்டு விழாவின் தங்கப் பதக்கத்தை வென்றனர். அதற்குப் பின் அவ்விழாவில் அத்தகைய வெற்றி நம் கால்பந்துக்கு வாய்க்கவே இல்லை. அதனை ஈட்டித் தந்த பதினொருவருள் ஒருவர், நம்மைப் போலவே தெலுங்கு மண்ணில் வேரூன்றிய ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். துளசிதாஸ் பலராம் என்பது அவர் பெயர். நம் குடியிருப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

திருப்பதியில் இரவு வண்டி ஏறினால் மறுநாள் காலையில் செகந்திராபாத்தில் இறங்கலாம். அங்கிருந்து பொலாரம் செல்லும் பாதையில் அம்முகூடா என்றொரு சிறு நிலையம் உண்டு. ஆங்கிலேயர் செகந்திராபாத்தில் பெரும் படை முகாம் அமைத்த காலத்தில், சென்னைப் படையுடன் சிப்பாய்களாகவும், எழுத்தர்களாகவும், வணிகர்களாகவும், ஏவலர்களாகவும் சென்ற தமிழர் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். பின்னர் இருப்புப்பாதை வந்தபோது இன்னும் பலர் சென்றனர். அப்படி வேரூன்றிய தமிழருள் ஒரு குடும்பத்தில், அம்முகூடா கிராமத்தில், 1936ஆம் ஆண்டு பலராம் பிறந்தார். செல்வம் இல்லாத வீடு. பிள்ளை படித்து உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பதே அன்னையின் ஆசை. நம் வீட்டு அன்னையரின் ஆசையும் வேறல்லவே! பிள்ளைக்கோ பந்தின்மேல் தீராக் காதல். படை முகாமின் மைதானங்களில் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் பயின்றார் அவர்.

இந்த இளைஞரைக் கண்டெடுத்தவர் சையத் அப்துல் ரஹீம் அவர்கள். 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்த ரஹீம், தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர். அதனாலேயே எல்லோரும் அவரை 'ரஹீம் ஸாகிப்' என்று மரியாதையுடன் அழைத்தனர். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகவும், 1950 முதல் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சியாளராகவும் விளங்கியவர். அப்போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது என்றால், அவ்வாசிரியரின் திறமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் கையாண்ட முறைகள் சில மிக விநோதமானவை. பந்தைத் தன் காலிலேயே வைத்து எதிரியை ஏய்த்துக்கொண்டு ஓடக் கூடாது, உடனே தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியுடன் சிறுவர்களுக்குப் பந்தயம் நடத்துவார். பழகிய கால் அல்லாத மற்றக் காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற பந்தயமும் உண்டு. ஆறு மாதம் இவ்வாறு ஆடிய சிறுவனுக்குப் பின்னர் எந்தக் கால் வலக்கால், எந்தக் கால் இடக்கால் என்ற பேதமே இராது அன்றோ?

அம்முகூடாவிலிருந்து ஐதராபாத் மைதானத்திற்கு அன்றாடம் வந்து போகப் பலராமுக்கு வழியில்லை. வாடகைச் சைக்கிளுக்காக ரஹீம் அவர்களே நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்து வந்தார் என்று சொல்வதுண்டு. 1956இல் பலராம் ஐதராபாத்தின் சார்பில் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் ஆடினார். அதே ஆண்டின் இறுதியில், இருபது வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார். ஒரு ரூபாய்ச் சைக்கிளில் தொடங்கிய பிரயாணம் அதே ஆண்டில் ஆஸ்திரேலியா வரை சென்றது.

ஜகார்த்தாவுக்கு வருமுன் நம் நாட்டுக் கால்பந்து கடந்து வந்த பாதையையும் சிறிது கூற வேண்டும். விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி, 2-1 என்ற கணக்கில் தோற்றனர். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் வீணாக்கியிராவிட்டால் வென்றிருக்கலாம். நம் தரப்பில் விழுந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில், ரஹீம் அவர்களின் பயிற்சியில், ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றோம். மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. குளிர் நாட்டில் வெறுங்கால் உதவாது என்ற பாடம் அன்று கிடைத்தது. அதன் பின்னரே காலணி அணிவது கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதி வரை சென்று, முடிவில் நான்காம் இடம். 1960இல் ரோமாபுரியில் ஹங்கேரியிடம் 2-1, பெரு நாட்டிடம் 3-1 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக நமக்குக் கிடைத்த இரு கோல்களையும் அடித்தவர் பலராமே.

1962இல் ஜகார்த்தா சென்ற பதினாறு ஆட்டக்காரரையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால், அது ஒரு குழுவா, அல்லது ஒரு ரயில் பெட்டியா என்று ஐயம் எழும். தலைவர் சுனி கோஸ்வாமி வங்காளி. சந்திரசேகர் கேரளத்தார். பிராங்கோ கோவாக்காரர். ஜர்னைல் சிங் லாயல்பூரில் பிறந்து, பிரிவினையின்போது உயிர் தப்பிப் பஞ்சாபின் இப்பக்கம் வந்து சேர்ந்த அகதிக் குடும்பத்தவர். யூசுப் கானும் அப்சலும் ஐதராபாத்தார். ராம் பகதூர் டேராடூன்காரர். கோல் காத்த பீட்டர் தங்கராஜ் 1935இல் ஐதராபாத்திலேயே பிறந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னை ரெஜிமெண்டில் சேர்ந்தவர். முதலில் முன்னணியில் ஆடியவர், பின்னரே கோல் காப்பவரானார். 1955லும் 1958லும் சென்னை ரெஜிமெண்ட் குழு டூராண்டு கோப்பையை வென்றது அவர் காலத்தில்தான். அருமைநாயகம், எத்திராஜ் ஆகிய பெயர்களையும் அப்பட்டியலில் கண்டால் நம் காதுக்கு இனிக்கிறது. வலப்புற முன்னணியில் ஆடிய பி. கே. பானர்ஜி, கிழக்கு ரயில்வேயின் ஊழியர். கல்கத்தாவின் புகழ் பெற்ற கழகங்கள் அழைத்தும் போகாமல், தம் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியும் ரயில்வே குழுவுக்கே ஆடியவர். 1958இல் பெருங்கழகங்களை எல்லாம் பின்தள்ளிக் கிழக்கு ரயில்வே கல்கத்தா லீக் பந்தயத்தைக் கெலித்தது அவர் பலத்தால்தான். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்?

அக்காலம் நம் பகுதியில் எத்தகையது என்பதையும் இங்கே நினைவூட்டுவது தகும். 1953இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. வடவெல்லைக்காக ம. பொ. சிவஞானம் அவர்களும் தமிழரசுக் கழகத்தாரும் போராடினர். பட்டாஸ்கர் அவர்களின் மத்தியஸ்தத்தின் பயனாகச் சட்டம் இயற்றப்பெற்று, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே இருந்தன. நம் சங்கத்துக் குடும்பங்களில் சில, வேலையை நாடி ரயிலேறி வந்தவை. வேறு சில, இருந்த இடத்தை விட்டு ஓரடியும் பெயராதிருக்க, எல்லைதான் அவற்றைக் கடந்து சென்றது. எவ்வூர் எவருக்கு என்று பெரியவர்கள் தேசப்படத்தை விரித்து வழக்காடி முடித்து இரண்டரை ஆண்டுகூட ஆகாத காலத்தில்தான், ஐதராபாத் ஆசிரியர் ஒருவர் எட்டுத் திசையிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஜகார்த்தாவுக்குக் கப்பலோட்டினார் எனலாம். அவர்கள் மைதானத்தில் எந்த மொழியில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டனர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஆசை.

ஆரம்பம் நன்றாக இல்லை. ஆகஸ்ட் 26ஆம் தேதி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. ஒரு பிரிவில் நான்கு நாடுகள்தாம். இன்னொரு தோல்வி நேர்ந்தால் மூட்டை கட்ட வேண்டியதே. இரண்டு நாள் கழித்துத் தாய்லாந்தை 4-1 என வென்றனர். பானர்ஜி இரண்டும், கோஸ்வாமி ஒன்றும், பலராம் ஒன்றும் அடித்தனர். ஆயினும் அவ்வாட்டத்தில் பின்காவலின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாளே ஜப்பானுடன் ஆட்டம். ஜர்னைல் இல்லாமலே 2-0 என வென்றனர். அடித்தவர்கள் பானர்ஜியும் பலராமும்.

அரையிறுதியில் எதிரி தென் வியட்நாம். இங்கேதான் ரஹீம் அவர்களின் மதிநுட்பம் வெளிப்பட்டது. தலையில் தையலுடன் இருக்கும் ஒருவரைப் பின்காவலில் நிறுத்தினால், பறந்து வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் முட்டித் தள்ள வேண்டியிருக்கும். உட்கார வைத்தாலோ அவருடைய ஆண்மையும் வேகமும் குழுவுக்கு இல்லாமற் போகும். ரஹீம் அவரை முன்னணியின் நடுவில், சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! ஜர்னைல் தம் மாணவப் பருவத்தில் முன்னணியில் ஆடியவர் என்பது ஆசிரியர்க்கு நினைவிருந்தது. வாத்தியார் என்றால் பிள்ளைகளின் பழைய கணக்குகளையும் மறவாதவரே வாத்தியார். ஜர்னைல் ஒன்றும் கோஸ்வாமி இரண்டும் அடிக்க, 3-2 என வென்று இறுதிக்குச் சென்றனர். இறுதியில் எதிர்ப்பட்டவர்களோ, முதல் நாள் நம்மை வீழ்த்திய அதே தென் கொரியர்.

இதற்கிடையே மைதானத்துக்கு வெளியே ஒரு புயல் எழுந்தது. சுகர்ணோவின் அரசாங்கம், தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் விழாவில் கலந்துகொள்ள அனுமதிச் சீட்டு வழங்கவில்லை. ஆசிய விளையாட்டு விழாவைத் தோற்றுவித்தவர்களில் முதல்வரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி அவர்கள், உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் விழாவை ஆசிய விளையாட்டு விழா என அழைப்பது முறையன்று என்று வாதாடினார். அவர் சொன்னது சட்டப்படி சரியே என்பது நம் எண்ணம். ஆனால் விருந்தாளியாகச் சென்ற இடத்தில் சொன்ன நியாயம் எரிகிற நெருப்பில் எண்ணெயாயிற்று. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், செப்டம்பர் 3ஆம் தேதி, பெருங்கூட்டம் திரண்டு ஜகார்த்தாவிலிருந்த இந்தியத் தூதராலயத்தைத் தாக்கியது. நம் ஆட்டக்காரர்கள் சென்ற பேருந்தும் வழியில் கல்லெறிக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. தலைப்பாகையைக் கண்டால் இந்தியர் என்று அறிந்துகொள்வரென, ஜர்னைல் சிங்கும் திரிலோக் சிங்கும் வண்டியின் தரையில் குனிந்து மறைந்துகொண்டு சென்றனர் என்று உடன் சென்ற தோழர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். அரசியலில் பெரியோர் பேசிய பேச்சுக்குப் பந்தாட வந்த பிள்ளைகள் தலை கொடுக்க வேண்டியிருந்தது. உலகம் எக்காலத்தும் இப்படித்தான் போலும்.

அன்றிரவு ரஹீம் தம் குழுவினரைக் கூட்டி, நாளை நீங்கள் எனக்கு ஒரு பரிசு தர வேண்டும், அது தங்கப் பதக்கமாக இருக்கட்டும் என்று கேட்டாராம். அவர் உடலில் அப்போதே கொடிய நோய் குடிகொண்டிருந்தது. தமக்காக எதையும் கேட்டறியாத ஆசிரியர் கேட்ட ஒன்று அது.

செப்டம்பர் 4ஆம் தேதி, விழாவின் இறுதி நாள், செனாயன் பேரரங்கம். நம் தேசிய கீதம் ஒலித்தபோதே கூச்சல் அதனை மூழ்கடித்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நம்மவரைக் கைதட்டி ஊக்கிய சிறு கூட்டம் ஒன்றும் இருந்தது. அவர்கள் யார் தெரியுமா? அதே விழாவில் ஹாக்கி இறுதியாட்டத்தில் நம்மை 2-0 என வென்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள்! இச்செய்தியை எத்தனை முறை படித்தாலும் நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கோலில், சளிக்காய்ச்சலிலிருந்து தேறி எழுந்த தங்கராஜை நிறுத்தினார் ரஹீம். அதற்கு முன் நன்றாகக் காத்து வந்த இளைஞர் பிரத்யோத் பர்மனை வெளியே உட்கார வைக்க அவருக்கு மனம் வருந்தியிருக்கும். ஆயினும் கொரியர் உயரத்தில் அடித்தனுப்பும் பந்துகளைப் பிடிக்க நெட்டை மனிதர் தேவை என்று கணக்கிட்டார் என்பர். பின்காவலில் சந்திரசேகர், அருண் கோஷ், கால்விரலில் காயத்துடன் திரிலோக் சிங். நடுவில் பிராங்கோவும் பிரசாந்த சின்காவும். முன்னணியில் பானர்ஜி, யூசுப் கான், தலையில் கட்டுடன் ஜர்னைல் சிங், தலைவர் கோஸ்வாமி, இடப்புறக் கோடியில் பலராம். 17ஆம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல் அடித்தார். மூன்று நிமிடம் செல்வதற்குள் ஜர்னைல் சிங் இன்னொன்று அடித்தார். பின்காவலர் ஒருவரை முன்னணிக்கு மாற்றிய ஆசிரியரின் கணக்கு தவறவில்லை. அதன் பின் எழுபது நிமிடம் காத்து நிற்பதே வேலை. தங்கராஜ் பல பந்துகளைத் தடுத்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கொரியர் ஒரு கோல் போட்டனர். எஞ்சிய அந்த ஐந்து நிமிடம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2-1. தங்கம் பாரதத்துக்கு. முதலில் ஏளனம் செய்த அரங்கில் இரண்டாம் முறையும் நம் தேசிய கீதம் ஒலித்தது.

இவ்வளவு பெரிய வெற்றி ஏன் மக்கள் நினைவில் ஆழப் பதியவில்லை என்பதற்கு ஒரு காரணம் நமக்குத் தோன்றுகிறது. குழு தாயகம் திரும்பி ஏழு வாரம் முடிவதற்குள், அக்டோபர் 20ஆம் தேதி, சீனப் படைகள் வடக்கெல்லையில் பாய்ந்தன. தாய்மார் தாலிச் செயினைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்த அந்நாளில், பந்தாட்டத் தங்கத்தை யார் பேசுவர்? 1963 ஜூன் 11ஆம் தேதி ரஹீம் அவர்கள் புற்றுநோயால் காலமானார். அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப ஆள் இல்லை. 1970இல் பாங்காக்கில், நயீமுத்தீன் என்ற இன்னொரு ஐதராபாத்தார் தலைமையில், வெண்கலம் கிடைத்தது. ஆசிய விழாவில் நம் கால்பந்து பெற்ற கடைசிப் பதக்கம் அதுவே.

பலராமின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1957 முதல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடி, 1961இல் அதன் தலைவராகவும் இருந்து புகழின் உச்சியில் நின்றவர். 1963இல் வங்காள நாகபுரி ரயில்வே என்ற பழம்பெயருடன் ஆடிவந்த தென்கிழக்கு ரயில்வேயின் கழகத்தில் சேர்ந்தார். ஆக, நம் ரயில்வேயின் சோற்றை அவரும் உண்டவரே. ஆனால் அவ்வாண்டே நெஞ்சு நோய் கண்டு, இருபத்தேழு வயதுக்குள் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. நம் ரயில்வேயில் அந்த வயதுக்குத்தான் பலருக்கு வேலையே நிரந்தரமாகிறது! 1962ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. பத்மஸ்ரீ விருதோ கோஸ்வாமிக்கு 1983லும் பானர்ஜிக்கு 1990லும் வழங்கப்பட்டது. மும்மூர்த்திகள் எனப் பேசப்பட்டவர்களில் மூன்றாமவருக்கு அது கடைசி வரை வரவில்லை. வங்காளத்தார் தம் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்தனர். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. பலராமுக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர் யார்? ஐதராபாத்தார், அவர் கல்கத்தா போய்விட்டார் என்றிருந்தனர். கல்கத்தாவுக்கு அவர் தெற்கத்தியார். தமிழ்நாட்டாரோ அவரைத் தம்மவர் என அறிந்ததே இல்லை. ஊர் மாறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நேரும் இந்நிலை நமக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில் தனியராய் வாழ்ந்த அவர், 2023 பிப்ரவரி 16ஆம் தேதி, தம் 86ஆம் வயதில் காலமானார். தங்கராஜ் 2008லும், பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020லும் முன்னரே மறைந்துவிட்டனர். 2024இல் ரஹீம் அவர்களின் வரலாறு 'மைதான்' என்ற ஹிந்திப் படமாக வெளிவந்தபோதுதான், நம் குடியிருப்பு இளைஞர் சிலர் பலராம் என்ற பெயரை முதன்முறையாகக் கேள்வியுற்றனர்.

ஜகார்த்தாவுக்கும் நம் வட்டாரத்துக்கும் பின்னர் நேரடியாகவே ஒரு தொடர்பு ஏற்பட்டது. ஆசிய விளையாட்டு விழா 2018இல் மீண்டும் அந்நகருக்கு வந்தபோது, மகளிர் ஹாக்கியில் இந்தியக் குழு வெள்ளி பெற்றது. அக்குழுவில் கோல் காப்பவர் இருவர். ஒருவர் அரியானாவின் சவிதா. மற்றவர் ரஜனி எத்திமர்ப்பு. அவர் ஊர் எனுமுலவாரிப்பள்ளி. நம் திருமலை அடிவாரத்திற்கு அப்பால், அன்று சித்தூர் மாவட்டத்திலும் 2022இல் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பின் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள எர்ராவாரிப்பாளையம் மண்டலத்தைச் சேர்ந்த சிற்றூர். ஆகஸ்ட் 31ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஜப்பானிடம் 2-1 எனத் தோற்றாலும், இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெள்ளி அது. ஆட்டம் நடந்த ஹாக்கி மைதானம், தங்கராஜ் 1962இல் கோல் காத்த பேரரங்கை அடுத்து, அதே செனாயன் வளாகத்தில் அமைந்திருக்கிறது.